கடைசி அறிவியல் பாடம்: பிறதுறை மாணவர்க்கான இணையவழி அறிமுக உயிரியல்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் கல்லூரிகளில் வரலாறு, இலக்கியம், வணிகவியல் முதலிய துறைகளைப் பயிலும் மாணவர் பட்டம் பெறுவதற்கு ஓர் அறிவியல் பாடத்தையேனும் முடிக்க வேண்டும். அவர்களுள் பலர் தேர்வது அறிமுக உயிரியல். அதனை இணையவழியில் பயில்வோரும் மிகுதி. இப்பாடத்தின் தோற்றப் பின்னணி, உள்ளடக்கம், கலைச்சொற் சுமை, வீட்டிலேயே செய்யும் ஆய்வகப் பயிற்சி, மதிப்பீடு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. விடை முன்கூட்டியே முடிவு செய்யப்படாத சான்றினை மாணவர் தம் கையால் திரட்டி எடைபோடும் வாய்ப்பு இருக்கிறதா என்பதே இப்பாடத்தின் தரத்தை அறுதியிடுகிறது என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பொதுக்கல்வி, அறிமுக உயிரியல், இணையவழிக் கல்வி, வீட்டு ஆய்வகம், கலைச்சொல், அறிவியல் எழுத்தறிவு

முன்னுரை

உயிரியலை முதன்மைப் பாடமாகக் கொள்ளும் மாணவருக்கு அறிமுக உயிரியல் ஒரு வாயில். அங்கே புரியாமற் போனதை அடுத்த பருவத்தில் உயிர்வேதியியலோ மரபியலோ ஈடுசெய்யும். பிறதுறை மாணவருக்கு அப்படியன்று. அவர் வாழ்நாளில் வகுப்பில் பயிலும் கடைசி அறிவியல் பாடம் பெரும்பாலும் இதுவேயாகும். தடுப்பூசி போடுவதா, மருத்துவச் சோதனை முடிவை எங்ஙனம் பொருள்கொள்வது, மரபணு மாற்றப் பயிர் பற்றிய செய்தியை நம்பலாமா என்னும் வினாக்கள் பின்னாளில் எழும்போது அருகில் ஆசிரியர் இருக்கமாட்டார். 15 வாரங்களில் அவர் பெற்றுச் செல்வது எதுவோ அதுவே அவருக்குத் துணை. இத்தகைய பாடம் திரையின் வழியே நடத்தப்படும்போது எது எஞ்சுகிறது, எது கைநழுவுகிறது என்பது எளிய வினா அன்று.

பொதுக்கல்வியில் அறிவியலின் இடம்

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1945இல், ஹார்வர்டு பல்கலைக்கழகம் பொதுக்கல்வி குறித்த அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதன் அட்டை நிறத்தால் ‘சிவப்புப் புத்தகம்’ என்றே அது அறியப்படுகிறது. அக்குழுவை அமைத்த பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் ஒரு வேதியியலாளர். அறிவியலராகப் போகாத மாணவருக்கு அறிவியலின் முடிவுகளைச் சுருக்கித் தருவது பயனற்றது. அறிவியல் எவ்வாறு நடக்கிறது என்பதை வரலாற்று நிகழ்வுகளின் வழியே காட்ட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1947இல் வெளிவந்த அறிவியலைப் புரிந்துகொள்ளல் பற்றிய அவரது நூல் இதனை வாதிடுகிறது. பின்னர் உருவான நிகழ்வாய்வுத் தொகுப்பில் உயிர் தானாகத் தோன்றுமா என்பது பற்றிய பாஸ்டர், டிண்டால் ஆகியோரின் சோதனைகளும் இடம்பெற்றன. அப்பாடத்தை நடத்த உதவிய இயற்பியல் ஆய்வு மாணவர் ஒருவர் அதன்வழியே அறிவியல் வரலாற்றின்பால் ஈர்க்கப்பட்டார். அவர் தாமஸ் கூன். அறிவியல் புரட்சிகளின் அமைப்பைப் பற்றிய அவரது நூலின் வேர் பிறதுறை மாணவர்க்கான ஒரு வகுப்பறையில் இருந்தது என்பது, இவ்வகைப் பாடங்களைத் தரம் தாழ்ந்தவையாக எண்ணும் அறிவியல் ஆசிரியர்கள் கருதிப்பார்க்கத் தக்கது.

இன்று அமெரிக்க இளநிலைப் பட்டத்திற்குப் பொதுவாக 120 மதிப்பலகுகள் வேண்டும். அவற்றுள் ஒரு பகுதி பொதுக்கல்விக்குரியது. அதில் ஆய்வகத்துடன் கூடிய ஓர் அறிவியல் பாடமேனும் இருக்க வேண்டும் என்பது பல கல்லூரிகளின் விதி. விரிவுரைக்கு 3, ஆய்வகத்திற்கு 1 என 4 மதிப்பலகு கொண்ட அமைப்பு பரவலாகக் காணப்படுகிறது. வேலை செய்துகொண்டே படிப்போரும் குழந்தை வளர்ப்போரும் நிறைந்த சமுதாயக் கல்லூரிகளில் இப்பாடம் இணையவழிக்கு மாறியது இயல்பே. சிக்கல் அந்த ஒற்றை ஆய்வக மதிப்பலகில்தான் தொடங்கியது.

21 இயல்களின் சுமை

ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் திட்டம் 2013இல் பிறதுறை மாணவர்க்கென ஓர் உயிரியல் பாடநூலை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. எவரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தும் உரிமத்துடன் அது வந்தது. பாடநூலுக்குப் பெருந்தொகை செலவிட இயலாத மாணவர்க்கு அது செய்த உதவி சிறிதன்று. அந்நூல் உயிரின் வேதியியலில் தொடங்கி, செல், ஆற்றல், செல்பிரிதல், மரபியல், உயிரித்தொழில்நுட்பம், பரிணாமம், உயிரினப் பன்மை, உடல் மண்டலங்கள், சூழலியல் எனச் சென்று பல்லுயிர்ப் பாதுகாப்பில் முடிகிறது. மொத்தம் 21 இயல்கள். ஒரு பருவத்தில் வாரத்திற்கு ஒன்றரை இயல் வீதம் ஓடினால்தான் முடியும். துறை மாணவர்க்குரிய நூலைவிட இது சுருங்கியதே; ஆயினும் வரிசை அதே வரிசை. வேதிப்பிணைப்பிலிருந்து தொடங்கி மேலேறும் இவ்வடுக்கு, உச்சிவரை ஏறப்போகிறவருக்குப் பொருந்தும். மூன்றாம் வாரத்தில் எலெக்ட்ரான் கடத்துச் சங்கிலியைச் சந்திக்கும் வணிகவியல் மாணவி, தாம் எங்குச் செல்கிறோம் என்பதை அறியாமலேயே ஏறுகிறார்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. அமெரிக்க அறிவியல் வளர்ச்சிக் கழகம் 2011இல் வெளியிட்ட இளநிலை உயிரியல் கல்விச் சீர்திருத்த அறிக்கை, பாடப்பரப்பை ஐந்து மையக் கருத்துகளாக ஒடுக்கியது: பரிணாமம்; அமைப்பும் செயலும்; தகவலின் சேமிப்பும் ஓட்டமும்; ஆற்றல், பருப்பொருள் ஆகியவற்றின் மாற்றம்; ஒருங்கிய மண்டலங்கள். ஐந்தையும் ஒரே பொருளில் தொட்டுக்காட்ட இயலும் என்பதற்குப் பால் நல்ல எடுத்துக்காட்டு. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் நொதி உடைக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் தாய்ப்பால் மறந்தபின் அந்நொதி குறைந்துவிடும். மனிதருள்ளும் பலருக்கு அவ்வாறே. கால்நடை வளர்த்துப் பால் அருந்திவந்த சில மக்கட்பிரிவினரிடம் மட்டும் அது முதுமைவரை நீடிக்கிறது. ஐரோப்பியரிடமும் கிழக்கு ஆப்பிரிக்கக் கால்நடை வளர்ப்போரிடமும் அதற்குக் காரணமான மரபணு மாற்றங்கள் வெவ்வேறானவை. நொதி, மரபணு, இயற்கைத் தேர்வு, பண்பாடு ஆகிய யாவும் ஒரு குவளைப் பாலில் கூடுகின்றன. வரலாறு பயிலும் மாணவருக்கு இது தம் வீட்டு முற்றம் போன்ற இடம். அங்கிருந்து புரதத்தின் அமைப்பிற்குள் நுழைவது கடினமாக இராது. இவ்வாறு நடத்தினால் 21 இயல்களில் பாதி விடுபடும் என்பது உண்மை. விடுபடட்டும் என்று துணியும் ஆசிரியர்கள் குறைவு.

கருத்து முந்தியா, சொல் முந்தியா?

இணையப் பாடத்தில் கலைச்சொற்களின் சுமை வகுப்பறையிலும் கூடுதலாக அழுத்தும். வகுப்பில் முகம் சுளித்த மாணவரைக் கண்டு ஆசிரியர் வேறு சொல்லில் விளக்குவார்; பதிவுசெய்த காணொளிக்கு அந்தக் கண் இல்லை. போதாக்குறைக்கு, கணினியே திருத்தும் வாராந்தர வினாடிவினா சொல்லுக்குப் பொருள் கேட்பதில் வல்லது; காரணம் கேட்பதில் அவ்வளவு வல்லதன்று. எனவே மாணவர் சொற்பட்டியலை மனனம் செய்து மதிப்பெண் பெற்றுவிடுகிறார்.

லிசா மெக்டொனல், மேகன் பார்க்கர், இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் ஆகிய மூவர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. வகுப்புக்கு முன் படிக்க வேண்டிய பகுதியை ஒரு பிரிவினர் பாடநூல் நடையிலேயே படித்தனர். மற்றொரு பிரிவினர் கலைச்சொற்கள் நீக்கப்பட்டு எளிய சொற்களில் எழுதப்பட்ட வடிவத்தைப் படித்தனர். பின்னர் இரு பிரிவினர்க்கும் கலைச்சொற்களுடனேயே வகுப்பு நடந்தது. கொள்குறி வினாக்களில் இருவர்க்கும் வேறுபாடில்லை. எழுதி விளக்கும் வினாக்களிலோ எளிய சொல்லில் தொடங்கியவர்கள் கூடுதலான சரியான காரணங்களைத் தந்தனர். கொள்குறி வினாக்களை மட்டும் வைத்து ஒரு பாடத்தின் வெற்றியை அளந்தால் இவ்வேறுபாடு கண்ணுக்கே தென்படாது என்பதையும் இம்முடிவு உணர்த்துகிறது.

கலைச்சொல் அறிந்தும் கருத்து அறியாமை எத்துணை ஆழமானது என்பதற்குப் பழகிய சான்று ஒன்றுண்டு. 1997இல் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையம் தயாரித்த ஆவணப்படத்தில், புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் காட்டி, இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது என்று வினவினர். மண்ணிலிருந்து, நீரிலிருந்து என்னும் விடைகள் வந்தன. காற்றிலிருந்து என்பதை நம்பவே சிலர் தயங்கினர். ஒளிச்சேர்க்கை என்னும் சொல்லை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

இதே வினாவை வான் ஹெல்மான்ட்டின் சோதனையுடன் தொடங்கும் பாடம் வேறு வகையில் செல்லும். அவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டு ஆயிற்று. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்சு. மண் அன்று, நீரே மரமாயிற்று என்று அவர் முடிவு செய்தார். மண்ணைப் பற்றிய முடிவு சரி. நீரைப் பற்றியது பெரும்பிழை. ‘வாயு’ என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘கேஸ்’ என்னும் சொல்லை ஆக்கியவரே காற்றைக் கணக்கில் எடுக்க மறந்தார் என்பது சுவையான முரண். அவர் அளவீடு எதை மெய்ப்பித்தது, எதை மெய்ப்பிக்கவில்லை என்று மாணவர் பிரித்துக் காட்டும்போது, ஒளிச்சேர்க்கையோடு சான்றின் எல்லையும் கற்பிக்கப்பட்டுவிடுகிறது.

சமையலறை ஆய்வகம்

இணையவழி உயிரியலில் ஆய்வகத்தை ஈடுசெய்ய மூன்று வழிகள் வழக்கில் உள்ளன: நிறுவனங்கள் அஞ்சலில் அனுப்பும் பயிற்சிப் பெட்டி, திரையில் இயங்கும் மெய்நிகர் ஆய்வகம், வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்யும் சோதனை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரிகள் மூடப்பட்டபோது இம்மூன்றையும் அதுவரை ஏற்காதவர்களும் ஏற்க நேர்ந்தது.

மெய்நிகர் ஆய்வகத்தின் பயனை மறுப்பதற்கில்லை. நோய்க்கிருமிகளை வளர்ப்பதையும் பல தலைமுறை ஈக்களைக் கலப்பினம் செய்வதையும் வீட்டில் செய்ய இயலாது. எனினும் பெரும்பாலான மெய்நிகர் ஆய்வகங்களில் ஒரு குறை உண்டு: அங்கே சோதனை தவறுவதில்லை. சரியான பொத்தானை அழுத்தினால் சரியான விடை வரும். நிரலை எழுதியவர் அறிந்து வைத்த விடையே மாணவருக்குத் திரும்பி வருகிறது.

உருளைக்கிழங்குச் சோதனை இதற்கு நேரெதிர். சவ்வூடு பரவலைக் காட்ட, ஒரே அளவுத் துண்டுகளை வெவ்வேறு செறிவுள்ள உப்புநீரில் இட்டு எடை மாற்றத்தைக் காண்பது பழைய சோதனைதான். வீட்டில் செய்யும்போது அதில் புதிய இடர்கள் புகுகின்றன. சமையலறைத் தராசு 1 கிராமுக்குக் கீழ் காட்டாது. 2 கிராம் உப்பை அதில் நம்பி நிறுக்க இயலாது. ஆகவே ஒரு லிட்டர் கரைசலில் 40 கிராம் உப்பு இருக்குமாறு கரைத்து, அதனைப் பாதிக்குப் பாதி நீர் கலந்து 4, 2, 1, 0.5 விழுக்காடு எனப் படிப்படியாக இறக்க வேண்டும். ஐந்தாவது கிண்ணத்தில் வெறும் நீர். கிழங்குத் துண்டும் 40, 50 கிராம் அளவில் பெரிதாக இருக்க வேண்டும். துண்டுகள் சம எடையில் அமையா. எனவே 40 கிராம் 44 ஆனதையும் 50 கிராம் 54 ஆனதையும் ஒன்றெனக் கொள்ளலாமா என்ற கேள்வி எழும். இரண்டிலும் ஏற்றம் 4 கிராம்; ஒன்றில் 10 விழுக்காடு, மற்றொன்றில் 8. ஒப்பளவு மாற்றம் ஏன் வேண்டும் என்பதை இதைவிட எளிதில் புரியவைக்க முடியாது.

விளைவு ஒருபோதும் பாடநூல் வரைபடம்போல் அமைவதில்லை. துடைக்காமல் எடைபோட்ட துண்டு கூடுதலாகக் காட்டும். தோல் நீக்காத துண்டில் நீர் குறைவாகவே புகும். மூடாத கிண்ணத்தில் நீர் ஆவியாகிச் செறிவு ஏறும். முப்பது மாணவர் தம் எண்களை ஒரே அட்டவணையில் இடும்போது, போக்கு ஒன்றும் விலகல்கள் பலவும் வெளிப்படும். எந்த எண்ணை நீக்கலாம், நீக்குவதற்குக் காரணம் என்ன, விருப்பமான முடிவுக்காக நீக்குவதற்கும் பிழை கண்டு நீக்குவதற்கும் என்ன வேறுபாடு என்னும் உரையாடல் அப்போதுதான் பொருள் பெறுகிறது. செய்தித்தாளில் ‘ஆய்வு மெய்ப்பித்துள்ளது’ என்ற தொடரைப் பின்னாளில் படிக்கும் ஒருவருக்கு, சவ்வூடு பரவலின் இலக்கணம் மறந்தாலும் இந்த அட்டவணையின் நினைவு உதவும்.

முன்னர்க் கூறிய பாலையும் இங்கே சோதிக்கலாம். அமெரிக்கக் கடைகளில் லாக்டோஸ் நீக்கிய பால் கிடைக்கிறது. அதில் லாக்டேஸ் சேர்க்கப்பட்டு, லாக்டோஸ் ஏற்கெனவே குளுக்கோசாகவும் காலக்டோசாகவும் உடைந்திருக்கும். ரொட்டிக்கான ஈஸ்ட் லாக்டோசை நொதிக்கச் செய்யாது, குளுக்கோசைச் செய்யும். இரு புட்டிகளில் இளஞ்சூடான இருவகைப் பாலையும் ஈஸ்டையும் இட்டு வாயில் பலூன் மாட்டினால், ஒன்று உப்பும். மற்றொன்று தளர்ந்தே கிடக்கும், அல்லது சிறிதளவே அசையும். கண்ணால் காணவியலாத ஒரு நொதியின் இருப்பை ஒரு பலூன் சொல்கிறது. பலூன் உப்பாத புட்டியில் ஈஸ்ட் இறந்திருக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்டால் அந்தப் பாடம் வெற்றி பெற்றதாகும். அதில் ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்துப் பார் என்பதே அதற்குரிய விடை. கட்டுப்பாட்டுச் சோதனை என்னும் கலைச்சொல் அதன்பின் வரலாம்.

வீட்டில் செய்ய இயலாதவற்றுக்குச் சோதனையின் வரலாறு கைகொடுக்கும். பாக்டீரியா மருந்தைக் கண்டபின் ‘பழகி’ எதிர்ப்பாற்றல் பெறுகிறது என்பது மாணவரிடையே வேரூன்றிய எண்ணம். 1952இல் ஜோஷுவா, எஸ்தர் லெடர்பர்க் இணையர் வெல்வெட் துணியைப் பாக்டீரியாத் தட்டின்மேல் அழுத்தி, அதே அமைப்பைப் பல புதிய தட்டுகளில் பதித்தனர். மருந்திட்ட தட்டுகள் எல்லாவற்றிலும் பிழைத்த கூட்டங்கள் ஒரே இடங்களில் தோன்றின. எதிர்ப்பாற்றல் மருந்துக்கு முன்னரே சிலவற்றில் இருந்தது. மருந்து அதனைத் தேர்ந்தது. தட்டுகளின் படங்களை மட்டும் தந்து, ‘பழகியது’ என்னும் கருத்து உண்மையாயின் தட்டுகள் எவ்வாறு இருந்திருக்கும் என்று வரையச் சொல்லலாம். அதற்குத் தாளும் பென்சிலும் போதும்.

தனித்துவிடப்படும் மாணவர்

இணையவழிப் பாடம் எல்லா மாணவரையும் ஒரேபோல் நடத்துவதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையத்தைச் சேர்ந்த டி ஷூ, ஷானா ஜேகர்ஸ் இருவரும் வாஷிங்டன் மாநிலத்தில் 40,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் ஏறத்தாழ 5 லட்சம் பாடப்பதிவுகளை ஆராய்ந்தனர். நேர்வகுப்பைவிட இணையப் பாடத்தில் இடைநிற்றல் கூடுதலாகவும் மதிப்பெண் குறைவாகவும் இருந்தன. ஆண்கள், இளையோர், கறுப்பின மாணவர், முன்பே குறைந்த மதிப்பெண் பெற்றவர் ஆகியோரிடம் அந்த இடைவெளி மேலும் அகன்றது. நேரமும் வசதியும் இல்லாதவர்க்கெனத் திறக்கப்பட்ட கதவு அவர்களிற் பலரையே வழியில் விட்டுவிடுகிறது.

கற்கும் முறை மாறினால் இது ஓரளவு சீர்படும் என்று எண்ண இடமுண்டு. ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 விழுக்காடாகவும், மாணவர் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தன. அவை நேர்வகுப்புகள் பற்றியவை. அப்படியே இணையத்திற்குப் பொருத்துவது முறையன்று. ஆயினும் 50 நிமிட விரிவுரையைப் பதிவுசெய்து ஏற்றுவதே இணையப் பாடம் என்று கருதுவோர், வகுப்பறையிலேயே பயன் குறைந்ததை வகுப்பறைக்கு வெளியேயும் கொண்டுபோகிறார்கள். அமெரிக்கக் கூட்டரசின் கல்வி உதவித்தொகை விதிகள் இணையவழிக் கல்வியை அஞ்சல்வழிக் கல்வியிலிருந்து பிரிப்பதற்கு வைத்திருக்கும் அளவுகோலும் இதுவே: ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஒழுங்கான, பொருளுள்ள உரையாடல் இருக்க வேண்டும்.

மதிப்பீட்டிலும் அந்த உரையாடலே துணை. வீட்டில் எழுதும் தேர்வில் நூலைப் பாராதிருக்கக் காவல் வைப்பது கடினம். 2022இன் இறுதியில் உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் கட்டுரை வினாவும் நம்பகம் இழந்தது. தன் கிண்ணத்தின் நிழற்படம், தன் தராசு காட்டிய எண், தன் எண் வகுப்புச் சராசரியிலிருந்து விலகியதற்கு அவர் கூறும் காரணம் ஆகியவற்றைப் புனைவது முற்றிலும் இயலாததன்று. ஆனால் உருளைக்கிழங்கை நறுக்குவதைவிட அது உழைப்பு மிக்கது.

தமிழகக் கல்லூரிகளும் சொல்லும்

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளின் இளநிலைப் பாடத்திட்டத்தில் பகுதி நான்கில் பிறதுறை விருப்பப்பாடத்திற்கு இடமுண்டு. தமிழோ வரலாறோ பயிலும் மாணவர் விலங்கியல், தாவரவியல் துறைகள் வழங்கும் தாளைத் தேர்ந்து படிக்க இயலும். 2017இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தின் பாடங்களும் மதிப்பலகுக்கு உரியவை. அவ்வாறு பெறத்தக்க அளவினைப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் 20 விழுக்காடாகவும் 2021இல் 40 விழுக்காடாகவும் வகுத்தது. ஸ்வயம் பாடத்தின் நான்கு கூறுகள் காணொளி, படிப்புப் பொருள், தன்மதிப்பீடு, விவாதம் என்பன. கிண்ணமும் தராசும் அவற்றுள் இல்லை.

தமிழில் இத்தகைய பாடம் உருவாகுமானால் அது சந்திக்கும் இடையூறு வேறொன்றும் உண்டு. தமிழகப் பாடநூல் செல், திசு, ஒளிச்சேர்க்கை, பரிணாமம் என்று கூறுவதை இலங்கைப் பாடநூல் கலம், இழையம், ஒளித்தொகுப்பு, கூர்ப்பு என்று கூறுகிறது. சவ்வூடு பரவல் அங்கே பிரசாரணம். இணையத்திற்கு எல்லை இல்லை. தேடும் மாணவருக்கோ தாம் அறிந்த சொல்லே எல்லை. கூர்ப்பு என்று தேடுபவர்க்குப் பரிணாமம் பற்றிய நல்ல தமிழ்க் கட்டுரை கிட்டாமற் போகும், மறுதலையும் அவ்வாறே. இரு வழக்குகளையும் முதல் இடத்திலேயே அருகருகே தந்து, பின்னர் ஒன்றைக் கைக்கொள்ளும் பாடநூலுக்கு ஒரு வரி கூடும். உருளைக்கிழங்கு மட்டும் இரு நாட்டிலும் உருளைக்கிழங்கே.